பெல்ட்டின் மூன்றாவது ஓட்டை

அத்தியாயம் 14

கதவைத் திறந்த கமலா, யாரோ வீட்டு எண் தவறி வந்து நிற்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

நின்றது அவள் கணவர் சேதுபதி. எட்டு மணிக்கு “கொஞ்சம் காலாற நடந்துட்டு வரேன்” என்று கிளம்பியவர், ஒன்பதே காலுக்குத் திரும்பியிருக்கிறார். போகும்போது தலை நிறைய முடி இருந்தது. வரும்போது ஒன்றுகூட இல்லை. மீசை மட்டும் தப்பியிருந்தது.

“என்னங்க இது?”

“மொட்டை.”

“அது எனக்கும் தெரியுது. எதுக்கு?”

சேதுபதி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். விழுங்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார். சில வாரமாக இப்படித்தான். பச்சைத் தண்ணீர்கூட அவர் தொண்டையில் மிளகாய்த் தண்ணீராக இறங்குகிறது.

விட்ட இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் முப்பத்தொரு வருஷமாக வேலை பார்க்கும் சேதுபதிக்கு வலது டான்சிலில் புற்றுநோய். அறுக்க வேண்டாம், கதிர்வீச்சு போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு வாரம், மொத்தம் முப்பத்தைந்து தடவை. இன்று பதினெட்டாவது. டாக்டர் போட்ட ஒரே கண்டிப்பு, நடுவில் நாள் விடக்கூடாது என்பது. விட்டால் கட்டி அந்த இடைவெளியில் தெம்பு பிடித்துக்கொள்ளும்.

மெல்பர்னில் கடைசி வருஷம் படிக்கும் மகள் ரோஷினிக்கு எதுவும் தெரியாது. அவளுக்கு இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி. அதுவரை மூச்சு விடக்கூடாது என்பது சேதுபதியின் உத்தரவு. வேலையிடத்திலும் மேலதிகாரி ஒருவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் அவருக்கு ‘சைனஸ் தொந்தரவு’.

“பின்னாடி பாத்தியா நீ?” என்றார் சேதுபதி, வழித்த தலையைத் தடவிக்கொண்டே. குரல் கரகரத்தது.

கமலா பார்த்திருந்தாள். ஒரு வாரமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். கதிர் முன்னால் நுழைந்து பின்பக்கமாக வெளியேறுகிற இடத்தில், பிடரியில் இரண்டு விரல் அகலத்துக்கு முடி கொட்டிப் பட்டையாக வழுக்கை விழுந்திருந்தது. தலையணை உறையில் கிடந்த முடியை அவர் எழுந்திருக்கும் முன்பே உதறிவிடுவதை ஒரு வேலையாகவே வைத்திருந்தாள்.

“பாத்தேன்.”

“பாத்துட்டு ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?”

“மொட்டை போட்டிருப்பேன்.”

கமலாவுக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரிக்கப் பார்த்து, வாய்ப்புண் இழுத்ததில் பாதியில் நிறுத்தினார்.

“வெள்ளிக்கிழமை கோயில்ல வரிசையில நிக்கிறேன். பின்னாடி ரெண்டு பேரு குசுகுசுங்கிறாங்க. என் பின்னந்தலையைத்தான். இப்போ பாரு, மொட்டையை எவனும் ஆராய்ச்சி பண்ண மாட்டான். ‘எந்தக் கோயில்?’னு கேப்பான். ஒரே கேள்வி. முடிஞ்சுது.”

அதில் நியாயம் இருந்தது என்பதைக் கமலாவும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. நம் ஆட்களிடையே ஒருவன் இளைத்தால் ஆளுக்கொரு கேள்வி, கறுத்தால் ஆளுக்கொரு வைத்தியம். மொட்டையோடு வந்தால் மட்டும் மரியாதையாக ஒதுங்கிவிடுவார்கள். நோயை மறைக்க இதைவிட நல்ல மறைப்பு கிடையாது.

ஆனாலும் அவளுக்கு ஏதோ உறுத்தியது. தேக்கா சந்தை மாடியில் கடை போட்டு இருபத்திரண்டு வருஷமாகச் சேலை ரவிக்கை தைப்பவள் அவள். அளவு எடுத்த பிறகு உடம்பில் எது மாறினாலும் அவளுக்கு முதலில் ஞாபகம் வருவது தைத்து வைத்த துணிதான்.

“ஏங்க, அந்த மாஸ்க்குக்கு அளவு எடுத்தப்போ உங்களுக்கு முடி இருந்துச்சே?”

“அது மூஞ்சிக்கு. தலைக்கு இல்ல. கிளம்பு, நேரமாச்சு.”

மாஸ்க் என்றால் மூக்கை மூடும் துணி இல்லை. சிகிச்சையின்போது அவர் அசையாமல் இருப்பதற்காக முகத்திலிருந்து தோள் வரைக்கும் அச்செடுத்துச் செய்த வலைப் பிளாஸ்டிக். தினமும் அதைப் போட்டு மேசையோடு இறுக்கிவிடுவார்கள். அதன் மேல் வரைந்திருக்கும் கோடுகளை வைத்துத்தான் கதிர் எங்கே பாய வேண்டும் என்று குறிபார்ப்பார்கள்.

சேதுபதி சட்டையை உள்ளே விட்டு, பெல்ட்டைப் போட்டார். போட்டுவிட்டு, வழக்கம்போல் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“பாத்தியா? மூணாவது ஓட்டை. முப்பது வருஷமா மூணாவது ஓட்டை. நேத்து அந்த நர்ஸ் எழுவத்தொண்ணரை கிலோங்குது. ஏழரை கிலோ குறைஞ்சிட்டேனாம். அப்படின்னா பேண்ட் இடுப்புல நிக்குமா? தராசுல கோளாறுலா. சரிபார்த்ததுக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, தேதி சரியாத்தான் இருக்கு. அதுக்காக நம்பிட முடியுமா? எத்தனை தராசு பாத்திருக்கேன் நான்.”

கமலா குனிந்து கைப்பையில் எதையோ தேடினாள்.

தேடுவதற்கு ஒன்றும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம் நடந்தது இது. லிஃப்டுக்குப் போகும் வழியில் சேதுபதியின் பேண்ட் இடுப்பிலிருந்து நழுவியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர், “அவ்வளவுதான் போல, கமலா” என்றார்.   மறுநாள் அவர் பகலில் தூங்கும் நேரம் பார்த்து, இஸ்திரி போடப் போவதாகச் சொல்லி, நாலு பேண்ட்டையும் கடைக்குத் தூக்கிப்போனாள். நடுத் தையலைப் பிரித்து, ஒன்றரை அங்குலம் உள்ளே பிடித்துத் தைத்தாள். சட்டைக் காலர் பொத்தானை அரை அங்குலம் தள்ளி வைத்தாள். பெல்ட்டின் பக்கிளைக் கழற்றி, அந்த முனையில் அதே ஒன்றரை அங்குலம் தோலை வெட்டிவிட்டு மறுபடி மாட்டினாள். ஓட்டைகள் இருக்கும் முனையைத் தொடவே இல்லை. போன வாரம் இன்னொரு தடவை, இரண்டு அங்குலம்.

பேண்ட்டின் பின்பைகள் இரண்டும் நெருங்கிவந்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. தன் பின்பக்கத்தை எந்த ஆண்பிள்ளை திரும்பிப் பார்க்கிறான்!

மூணாவது ஓட்டை அவருக்குத் தைரியம் கொடுத்தது. அது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, முதலில். பிறகு அந்தத் தைரியத்தில் அவர் சத்துப் பாலை ஒதுக்கிவைக்க ஆரம்பித்தார். மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஆகாரம் கொடுக்கலாம் என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லியும் “நான் என்ன இளைச்சா போயிட்டேன்?” என்று மறுத்தார். கமலா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வாய் திறக்கவில்லை.

ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் படி இறங்கும்போது எதிரே அப்துல் மஜீது வந்தார். சேதுபதியோடு இருபது வருஷம் சரக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். உரத்த குரல், பெரிய மனசு, கையில் எப்போதும் போன்.

“யாருப்பா இது? சேதுவா? என்ன, வேண்டுதலா? எந்தக் கோயில்?”

சேதுபதி கமலாவை ஒரு பார்வை பார்த்தார். சொன்னேனா இல்லையா என்கிற பார்வை.

“வேண்டுதல்தான்,” என்றார்.

“நல்லது, நல்லது. தொண்டை என்ன இப்படிக் கட்டியிருக்கு? சைனஸ் இன்னும் விடலையா? வா வா, ஒரு போட்டோ. தங்கச்சி, நீங்களும் நில்லுங்க.”

கமலா ஒதுங்கிக்கொண்டாள். மஜீது மொட்டைத்தலையின் மேல் கை போட்டு, போனை உயர்த்திப் படம் எடுத்தார். “ஃபேஸ்புக்ல போடுறேன், நம்ம ஆளுங்க பாக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே படியேறிப் போய்விட்டார். ஐந்து நிறுத்தமும் சேதுபதி வெற்றி வீரராக உட்கார்ந்து வந்தார்.

மருத்துவமனையின் அடித்தளத்தில் பதினோரு மணிக்குப் பெயர் கூப்பிட்டார்கள். வழக்கமாக அவர் உள்ளே போனால் இருபது நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவார். முகத்தில் வலையின் அச்சு கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கும். கமலா அது மறைகிறவரை அவரைப் பார்க்காத மாதிரி இருப்பாள்.

இன்று இருபது நிமிஷம் முப்பதாகி, முப்பது நாற்பதானது. பதினொன்றே முக்காலுக்குக் கதவைத் திறந்துகொண்டு ரக்ஷனா வந்தாள். கதிர்வீச்சு இயந்திரத்தை இயக்கும் பெண். ரோஷினியைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். முதல் நாளிலிருந்தே இவர்களிடம் தமிழில் பேசுவாள்.

“ஆன்ட்டி, கொஞ்சம் உள்ள வர்றீங்களா?”

வீட்டு ஆட்களை அந்த அறைக்குள் விடுவதில்லை. கமலா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் போனாள்.

சேதுபதி மேசையில் படுத்திருந்தார். மாஸ்க் போட்டு இறுக்கியிருந்தார்கள். அவரால் பேச முடியாது, கண் மட்டும் சுழன்றது.

“மொட்டை போடப்போறதா சொல்லவே இல்லையே, அங்கிள்,” என்றாள் ரக்ஷனா. “முடியோட அச்செடுத்தோம். இப்போ முடி இல்லாததால தலை கீழ இறங்கி உக்காருது. மூணு ட்ரை பண்ணிட்டோம். ஸ்கேன் எடுத்தா லைன் சேரவே மாட்டேங்குது. அஞ்சு மில்லிமீட்டர் ஆஃப். டியூமருக்குப் போகவேண்டியது முதுகுத்தண்டு பக்கம் போயிடும். அப்படி நாங்க கொடுக்க முடியாது.”

மாஸ்க்குக்குள்ளிருந்து முனகல் கேட்டது. முடிதானே, அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை என்று சொல்கிற முனகல்.

“முடி மட்டும் இல்ல, ஆன்ட்டி. இங்க பாருங்க.”

ரக்ஷனா தாடையின் கீழே, கழுத்துப் பக்கத்தில் வலைக்கும் தோலுக்கும் நடுவில் தன் சுட்டுவிரலை விட்டாள். விரல் தாராளமாக நுழைந்தது. பக்கத்திலேயே இன்னொரு விரலும் நுழைந்தது.

“இங்க முடியே கிடையாது,” என்றாள் மெதுவாக.

கமலா அந்த இரண்டு விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ பெண்களின் கழுத்திலும் கையிலும் அவள் இப்படி விரல் விட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு விரல் என்றால் சரி. இரண்டு விரல் என்றால் பிரித்துத் தைக்க வேண்டும். பேண்ட்டை மாற்றினாள், காலரை மாற்றினாள், பெல்ட்டைக்கூட மாற்றினாள். அவள் கை படாத ஒரே உருப்படி இந்த மாஸ்க். அது உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டது.

அரை மணி கழித்து டாக்டரின் அறையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ரக்ஷனா சுவரோரம் நின்றாள். டாக்டர் ஐம்பது வயதுச் சீனப் பெண்மணி. அலட்டிக்கொள்ளாமல் பேசுவார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இதுதான்.

இன்றைய சிகிச்சை கிடையாது. மத்தியானமே புது மாஸ்க்கும் புது ஸ்கேனும். அதை வைத்துக் கணக்கை முதலிலிருந்து போட இரண்டு நாள் ஆகும். விட்டுப்போன நாட்களை, ஒரே நாளில் ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு இரண்டு தடவையாகக் கொடுத்து ஈடுகட்டிவிடலாம். இந்த ஒரு தடவை பரவாயில்லை. ஆனால் இவர் இன்னும் இளைத்தால் அந்த மாஸ்க்கும் தளர்ந்துபோகும். மறுபடியும் நாள் போகும். அதற்கு இடம் கொடுக்க முடியாது. ஆகவே குழாய். இன்றைக்கே.

“டியூப் வேணாம்,” என்றார் சேதுபதி. “முடி போனதால வந்தது. புது மாஸ்க் போடுங்க, சரியாயிடும்.”

“மிஸ்டர் சேதுபதி, ஏழரை கிலோ.”

“உங்க தராசு.” எழுந்து நின்று சட்டையைத் தூக்கிப் பெல்ட்டைக் காட்டினார். “லுக். தேர்ட் ஹோல். ஆல்வேஸ் தேர்ட் ஹோல்.”

டாக்டர் பெல்ட்டைப் பார்த்தார், திரையில் இருந்த எடையைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ரக்ஷனா குனிந்து சேதுபதியிடம் தமிழில் சொல்லிப் பார்த்தாள். “அங்கிள், நாங்க கொடுக்கிற ரேடியேஷன் கெட்ட செல்லையும் அடிக்குது, நல்ல செல்லையும் அடிக்குது. கெட்டதுக்கு எழுந்திரிக்கத் தெரியாது. நல்லது ராத்திரியோட ராத்திரியா தன்னைத் தானே ரிப்பேர் பண்ணிக்கும். அதனாலதான் தினம் கொஞ்சமா கொடுக்கிறோம். ஆனா அந்த ரிப்பேருக்குச் சாப்பாடு வேணும். நீங்க ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் கஞ்சி குடிச்சா எப்படி?”

“நான் இளைக்கலைம்மா. என் உடம்பு எனக்குத் தெரியாதா? கமலா, நீ சொல்லு. பேண்ட் லூசா இருக்கா?”

அறையில் எல்லாரும் கமலாவைப் பார்த்தார்கள்.

இல்லை என்று சொன்னால் போதும். வீட்டுக்குப் போய்விடலாம். அவர் முகம் வாடாது. அந்த ஒரு வார்த்தை கமலாவின் நாக்கு நுனி வரை வந்தது. அதே நேரம் அவள் கண்ணுக்குள் அந்த இரண்டு விரலும் நின்றன.

கைப்பையைத் திறந்தாள். அதில் எப்போதும் கிடக்கும் இஞ்ச் டேப்பை எடுத்தாள்.

“நில்லுங்க,” என்றாள்.

“எதுக்கு?”

“நில்லுங்க, சொல்றேன்.”

பெல்ட்டைக் கழற்றி மேசையின் மேல் வைத்தாள். டாக்டர் இருக்கிறார், வயசுப் பெண் இருக்கிறாள் என்றெல்லாம் பார்க்கவில்லை. கணவரின் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டு, முனை சேரும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “நீங்களே படிங்க” என்றாள்.

சேதுபதி குனிந்து பார்த்தார். கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார்.

“முப்பத்தி நாலரை.”

“உங்க அளவு என்ன?”

“முப்பத்தெட்டு.” பிறகு, “பேண்ட்டு நிக்குதே, கமலா?”

“நான் பிடிச்சுத் தைச்சேன். நாலு பேண்ட்டும். ரெண்டு தடவை. காலர் பட்டனைத் தள்ளி வெச்சேன். பெல்ட்டுல பக்கிள் பக்கம் வெட்டிட்டேன். தராசு சரியாத்தான் இருக்குங்க. நான்தான் பொய்.”

அவள் குரல் உடைந்தது. அழக்கூடாது என்று இருந்தாள், முடியவில்லை. இத்தனை வாரமாக அடக்கிவைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ரக்ஷனா தணிந்த குரலில் அவருக்கு விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் மேசைமேல் இருந்த பெல்ட்டை எடுத்து, பக்கிள் பக்கம் வெட்டியிருந்த முனையைத் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு டிஷ்யூ பெட்டியைக் கமலாவின் பக்கம் நகர்த்தினார்.

சேதுபதி பேண்ட்டை ஒரு கையால் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். இன்னொரு கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். இரண்டு பின்பைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்ததை அவர் விரல் கண்டுபிடித்தது.

“எனக்குத் தெரியாம இவ்வளவு பண்ணியிருக்கே.”

“நீங்க மட்டும் என்னைக் கேட்டுட்டா மொட்டை போட்டீங்க?”

“அது வேற.”

“ஒண்ணும் வேற இல்ல. நீங்க ஊருக்கு மறைச்சீங்க, நான் உங்களுக்கு மறைச்சேன். அன்னைக்கு லிஃப்ட் பக்கத்துல நின்னு ‘அவ்வளவுதான் போல’ன்னீங்களே. அதை இன்னொரு தடவை என்னால கேக்க முடியாதுங்க.”

அவருக்கு அந்த வார்த்தையைச் சொன்னதே ஞாபகம் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.  பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, “டியூப் போடுறப்போ வலிக்குமா?” என்று ரக்ஷனாவைக் கேட்டார்.

“வலிக்காதுன்னு சொல்ல மாட்டேன், அங்கிள். கண்ணுல தண்ணி வரும். ரெண்டு நிமிஷம்.”

“அந்த மாஸ்க்கை முதல்ல போட்டுருங்க,” என்றார் சேதுபதி.

அச்செடுப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கக் கமலாவை அனுமதித்தார்கள். வெந்நீர்த் தொட்டியில் வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு நனைந்து குழைந்தது. ரக்ஷனாவும் இன்னொருவரும் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அவர் முகத்தின் மேல் இழுத்துப் படிய வைத்தார்கள். நெற்றி, மூக்கு, தாடை, கழுத்து என்று ஒவ்வோர் இடமாக விரலால் அழுத்திக்கொடுத்தார்கள். ஆறுகிறவரை யாரும் அசையவில்லை. வேலை தெரிந்த கை என்று கமலா மனசுக்குள் ஒப்புக்கொண்டாள். ரக்ஷனா கழுத்துப் பக்கம் விரலை விட்டுப் பார்த்தாள். நுழையவில்லை.

குழாய் போட ரக்ஷனா சொன்ன இரண்டு நிமிஷம் ஆகவில்லை, ஏழு நிமிஷம் ஆனது. முதல் தடவை இருமலில் வெளியே வந்துவிட்டது. இரண்டாவது தடவை சேதுபதி கமலாவின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் அவளுடைய கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. தண்ணீரை மடக்கு மடக்காக விழுங்கச் சொல்லிக்கொண்டே நர்ஸ் குழாயை உள்ளே செலுத்தினாள். அவருக்குக் கண்ணில் நீர் கொட்டியது. முடிந்ததும் மூக்கின் மேல் பிளாஸ்டர் ஒட்டி, குழாயைக் கன்னத்தோரமாகக் கொண்டுபோய்க் காதுக்குப் பின்னால் சுற்றிவிட்டார்கள்.

டாக்சியில் போகலாம் என்றாள் கமலா. சேதுபதி தலையை ஆட்டி மறுத்தார். ரயிலிலேயே வந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் முதலில் குழாயைப் பார்த்தார்கள், பிறகு மொட்டையைப் பார்த்தார்கள், பிறகு போனுக்குள் குனிந்துகொண்டார்கள். எந்தக் கோயில் என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டில் சாயங்காலம் ஐந்தரைக்கு முதல் ஆகாரம். நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து, சத்துப் பாலைக் கமலா கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பால் தானாக இறங்கியது. தொண்டை அதை அறியவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் கண்ணை மூடிக்கொள்ளாமலே வயிற்றுக்குள் ஆகாரம் போவதைக் கமலா பார்த்தாள்.

பெல்ட் மேசையில் கிடந்தது. லுங்கிக்கு மாறியிருந்த சேதுபதி, கழற்றிப்போட்ட பேண்ட்டை மடியில் வைத்து, உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுத் தையலை விரலால் நெருடினார். உள்ளே தடிமனாக ஏதோ தட்டுப்பட்டது.

“வெட்டலையா நீ?”

“எதை?”

“துணியை. உள்ள அப்படியே இருக்கு.”

“வெட்டுவாங்களா?” கமலா அடுத்த சிரிஞ்சை நிரப்பினாள். “ஏழு வாரம் முடிஞ்சு நீங்க நல்லா சாப்பிட ஆரம்பிச்சா மறுபடி பிரிச்சு விடணும்ல. துணி இல்லாம எங்க போறது? எல்லாத்தையும் உள்ள மடிச்சுத்தான் தைச்சிருக்கேன்.”

 சேதுபதி பேண்ட்டை நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

“பெல்ட்டு?”

“பெல்ட்டைத்தாங்க வெட்டிட்டேன். தோலை உள்ள மடிக்க முடியலை.”

“சரி. அது ஒண்ணு புதுசா வாங்கிக்கலாம்,” என்றார். “முப்பத்தெட்டுல.”

கமலா சிரிஞ்சைக் கவனிக்கிறவள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தத் தடவை அழுகை இல்லை, நிம்மதி.

அப்போதுதான் போன் அதிர்ந்தது. முதலில் ஒரு குறுஞ்செய்தி. மஜீது ஃபேஸ்புக்கில் போட்ட படம், அதில் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கி வெட்டி அனுப்பியிருந்தாள் ரோஷினி. மொட்டைத்தலை இல்லை, கழுத்து. வலது பக்கம் காதுக்குக் கீழே கன்றிக் கறுத்து, அங்கங்கே தோல் உரிந்திருந்த அந்த இடம்.

“அம்மா, இது வெயில்ல கறுத்தது இல்ல. அப்பாவுக்கு என்ன?” என்று கீழே எழுதியிருந்தது.

கமலா அதை அவரிடம் காட்டினாள். மறைக்கலாமா என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“வெள்ளிக்கிழமை பரீட்சை,” என்றார் சேதுபதி.

“தெரியும்.”

“அடுத்தது திங்கட்கிழமை.”

“அதுவும் தெரியும்.”

போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை வீடியோ அழைப்பு. திரையில் ரோஷினியின் சிரித்த படம் துடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தால் குழாய் தெரியும். எடுக்காவிட்டால் அவள் விடமாட்டாள், விடியும் முன் விமானம் ஏறிவிடுவாள், பரீட்சையும் போகும். கமலா கணவரைப் பார்த்தாள்.

சேதுபதி கையை நீட்டினார்.

“குடு.”

“குரலே இல்லையே உங்களுக்கு. நான் பேசுறேன்.”

“நீ பாலை ஊத்து. இது நான் சொல்ல வேண்டியது.”

பச்சைப் பொத்தானை அவரே அழுத்தினார். திரையில் மகளின் முகம் வந்தது. அவள் வாய் திறந்தது, மூக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. சேதுபதி போனை விலக்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. கழுத்து நன்றாகத் தெரிகிற மாதிரி கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“எந்தக் கோயில்னு மட்டும் கேக்காதம்மா,” என்றார். “உக்காரு. சொல்றேன்.”